‘அருமை’ என்பது விமர்சனமா?

கலை என்பது இருவர் கூடி நிறைவு செய்யும் வேலை. படைப்பவர் ஒருவர்; சுவைப்பவர் மற்றொருவர். கவிதைக்கு இது பொருந்தும். இசைக்கு இது பொருந்தும். இன்று நம்மில் பெரும்பாலோர் சட்டைப் பைக்குள்ளும் கைப்பைக்குள்ளும் குடியிருக்கும் காமிராவுக்கும் இது பொருந்தும். படைப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள், மகிழ்ச்சி! சுவைப்பவர்களும் தம் கடமையைச் செய்கிறோமா? இதுவே நான் இக்கட்டுரையில் எழுப்ப விரும்பும் வினா.

கல்லூரிகளில் நடைபெறும் புகைப்படக் கண்காட்சிகளில் வாயிலருகே ஒரு குறிப்பேடு வைத்திருப்பார்கள். அதைப் புரட்டிப் பாருங்கள். ‘அருமை’, ‘மிக நன்று’, ‘வாழ்த்துகள்’, ‘தொடரட்டும் உங்கள் பணி’ என்று பக்கம் பக்கமாக ஒரே ராகம். ஆனால் அதே படங்களின் முன் நின்று காதோடு காதாகப் பேசுவதைக் கேட்டால் கதையே வேறு. “இதையெல்லாம் படமென்று மாட்டிவிட்டார்களே!” என்பார் ஒருவர். “இருட்டடித்துக் கிடக்கிறது, கேட்டால் சோகம் என்பார்கள்” என்பார் இன்னொருவர். ஏட்டில் எழுதிய பாராட்டு படமெடுத்தவரைச் சென்றடைகிறது. அதனால் அவருக்குப் பயனில்லை. காதில் ஓதிய குறை அவரைச் சென்றடைவதேயில்லை. ஒருவேளை சென்றடைந்தால் அவர் மனத்தை நோகடிக்குமே தவிர, அவர் கையைத் திருத்தாது. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

எடுத்தவர் காண முடியாத படம்

கோபுரத்தைப் படமெடுத்தால் அது நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று எடுத்தவரே கண்டுகொள்ளலாம். பூவைப் படமெடுத்தால் இதழ் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அவரே சோதிக்கலாம். ஆனால் தனிமை, ஏக்கம், அச்சம், களிப்பு போன்ற உணர்வுகளைக் காட்ட எடுக்கும் படங்களில் நிலைமை அவ்வாறில்லை. காரணம் எளியது. படமெடுத்தபோது அவர் அங்கே இருந்தார். மழையின் ஈரமும் மண்ணின் வாசனையும் எங்கோ ஒலித்த பாட்டும் அவர் நெஞ்சில் பதிந்துவிட்டன. காமிராவில் பதிந்ததோ ஒளியும் நிழலும் மட்டுமே. பின்னர் அப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய நினைவு விட்டுப்போனவற்றையெல்லாம் நிரப்பிக்கொடுக்கிறது. படத்தில் உணர்வு இருக்கிறதா அல்லது தம் நினைவில்தான் இருக்கிறதா என்பதை அவரால் பிரித்தறிய இயலுவதில்லை.

தாம் எடுத்த படத்தை முதன்முறையாகப் பார்க்கும் பேறு எடுத்தவருக்கு ஒருபோதும் வாய்ப்பதில்லை. அந்தப் பேறு நமக்குத்தான் இருக்கிறது. அந்த முதற்பார்வையில் நமக்குள் என்ன நிகழ்ந்தது என்று உண்மையாக எடுத்துரைப்பதே நாம் அவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. ‘அருமை’ என்ற ஒரு சொல்லில் அந்த உதவியை மறுத்துவிடுகிறோம். அது கொடையன்று, கஞ்சத்தனம்.

உணர்வுக்குப் பெயர் வேண்டும்

நாம் ‘அருமை’யோடு நின்றுவிடுவதற்கு ஒரு காரணம் சொல் வறுமை. உணர்ச்சிப் படங்களைப் பற்றிப் பேச வரும்போது நம்மிடம் இரண்டே சொற்கள் இருக்கின்றன: ஒன்று ‘சோகம்’, மற்றொன்று ‘மகிழ்ச்சி’. தமிழ் படித்த நமக்கு இந்த வறுமை வரலாமா?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் பிறக்கும் களங்களை நான்கு நான்காகப் பிரித்து 32 ஆக்கினார். அவர் செய்யுளுக்குச் சொன்னதைப் புகைப்படத்துக்குப் பொருத்தலாமா என்று கேட்பீர்கள். உள்ளத்தின் உணர்வு மெய்யில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. உள்ளத்தைப் படமெடுக்க எந்தக் காமிராவாலும் முடியாது. மெய்யைத்தான் எடுக்க முடியும். ஆகவே புகைப்படக்காரர்க்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் வேறு எது?

அந்த 32-இல் சிலவற்றைப் பாருங்கள். அழுகை பிறக்கும் களங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பவை. இழிவுபடுத்தப்பட்டவனின் கண்ணீர் வேறு. இழந்தவனின் கண்ணீர் வேறு. தன் பழைய நிலையிலிருந்து தாழ்ந்தவனின் கண்ணீர் வேறு. இல்லாதவனின் கண்ணீர் வேறு. ஒரு படத்தைக் கண்டு ‘சோகமாக இருக்கிறது’ என்பதைவிட, ‘இதில் வறுமை தெரிகிறது, ஆனால் நீங்கள் காட்ட விரும்பிய இழப்பு தெரியவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். எடுத்தவர் அந்தக் கணமே சிந்திக்கத் தொடங்குவார்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மாணவர் எடுக்கும் சோகப் படங்களில் முதியவர்களின் சுருக்கம் விழுந்த முகங்களே மிகுதி. தொல்காப்பியரோ மூப்பை அழுகைக்குள் வைக்கவில்லை; இளிவரலுக்குள் வைத்தார். முதுமையும் துயரமும் ஒன்றல்ல என்று இதிலிருந்து தெளியலாம். சுருக்கம் வயதின் அடையாளம், வருத்தத்தின் அடையாளமன்று. அந்தப் பாட்டி படமெடுத்த கணத்தில் உண்மையிலேயே வருந்திக்கொண்டிருந்தாரா, அல்லது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாரா? இதை நாம் கேட்க வேண்டாமா? பெருமிதம் பிறக்கும் நான்கு களங்களில் கல்வியும் ஒன்று. பட்டம் பெற்ற பேத்தியின் சான்றிதழைத் தடவிப் பார்க்கும் அதே பாட்டியைப் படமெடுத்தால் அது பெருமிதப் படம். சுருக்கங்கள் அவையே, மெய்ப்பாடு வேறு.

தலைப்பை மூடிவிட்டுப் பாருங்கள்

உணர்ச்சிப் படங்களின் பெரிய ஏமாற்றுக்காரர் யார் தெரியுமா? படத்தின் கீழே ஒட்டியிருக்கும் தலைப்புதான்! கடலைப் பார்த்து நிற்கும் ஒருவரின் முதுகைப் படமெடுத்து ‘பிரிவு’ என்று எழுதினால் நமக்குப் பிரிவு தெரிகிறது. ‘விடுதலை’ என்று எழுதினால் விடுதலை தெரிகிறது.

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த ஒரு சோதனையைத் திரைப்பட நூல்கள் பலவும் பேசுகின்றன. உணர்ச்சி ஏதும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒரு கிண்ணம் சூப்பை அடுத்துக் காட்டினால் பார்ப்பவர்க்கு அதில் பசி தெரிந்ததாம். அதே முகத்தைச் சவப்பெட்டியை அடுத்துக் காட்டினால் துயரம் தெரிந்ததாம். முகம் மாறவில்லை, பக்கத்தில் இருந்த பொருள்தான் மாறியது. நம் மாணவர் படங்களில் அந்தச் சூப்புக் கிண்ணத்தின் வேலையைத் தலைப்பு செய்துவிடுகிறது. ஆகவே விமர்சனம் செய்ய முன்வருபவர் முதலில் தலைப்பைப் பார்க்காமல் படத்தைப் பார்க்க வேண்டும். தமக்குத் தோன்றிய உணர்வை மனத்தில் குறித்துக்கொண்ட பிறகே தலைப்பைப் படிக்க வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் படம் பேசியிருக்கிறது; ஒத்திராவிட்டால் தலைப்புதான் பேசியிருக்கிறது.

தலைப்பைப் போலவே, படத்துக்கு வெளியே இருக்கும் கதையும் நம்மை மயக்கும். யூசுப் கார்ஷ் என்னும் புகைப்படக் கலைஞர் 1941 டிசம்பர் 30 அன்று கனடா நாட்டு நாடாளுமன்றக் கட்டடத்தில் வின்ஸ்டன் சர்ச்சிலைப் படமெடுத்தார். சர்ச்சில் வாயிலிருந்த சுருட்டை எடுப்பதாக இல்லை. கார்ஷ் அருகே சென்று சுருட்டைப் பறித்துக்கொண்டு திரும்பிவந்து படமெடுத்தார். சுருட்டு பறிபோன சினத்தில் சர்ச்சில் முறைத்தார். அந்த முகத்தை உலகம் எப்படிப் படித்தது? போரில் பணியாத ஒரு நாட்டின் உறுதியாகப் படித்தது! நிகழ்ந்தது வெகுளி, படத்தில் நின்றதோ பெருமிதம். படம் எதைத் தருகிறதோ அதைப் பற்றித்தான் நாம் பேச முடியும். “அவன் அன்று உண்மையாகவே அழுதான், தெரியுமா?” என்று எடுத்தவர் வாதிட்டால் அன்போடு விடை சொல்லுங்கள்: “அழுதிருக்கலாம், தம்பி. அந்தக் கண்ணீர் இங்கே வந்து சேரவில்லையே!”

முகமே இல்லாமலும் உணர்வைக் காட்ட இயலும் என்பதையும் மறந்துவிடலாகாது. அமெரிக்கரான ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922 முதல் பல ஆண்டுகள் வானத்து மேகங்களைப் படமெடுத்து, அவை தம் உள்ளத்து உணர்வுகளுக்கு ஈடானவை என்றார். “இதில் ஆளே இல்லையே, என்ன உணர்ச்சி?” என்று ஒரு மாணவரின் வெற்று வகுப்பறைப் படத்தைத் தள்ளிவிடுமுன் இதை நினைவிற்கொள்வது நலம்.

எதனால் என்று சொல்லுங்கள்

உணர்ந்ததைச் சொல்வது பாதி வேலை. அந்த உணர்வு படத்தின் எந்த இடத்திலிருந்து வந்தது, அல்லது எந்த இடத்தில் தடைபட்டது என்று சுட்டுவது மறுபாதி. இதற்குப் பெரிய தொழில்நுட்பப் புலமை வேண்டியதில்லை. கூர்ந்து பார்க்கும் கண் போதும்.

ஒளியைப் பாருங்கள். உச்சிவெயிலில் நிற்பவரின் கண்குழிகள் இருண்டுபோகும். கண்ணே தெரியாதபோது கண்ணின் ஏக்கம் எப்படித் தெரியும்? அதே மனிதரைச் சன்னலருகே அமர்த்தினால் பக்கவாட்டு ஒளி முகத்தின் ஒரு பாதியைக் காட்டி மறுபாதியை மறைக்கும். அங்கே ஒரு தயக்கம் பிறக்கும். உயரத்தைப் பாருங்கள். மேலிருந்து எடுத்தால் எதிரில் இருப்பவர் சிறுத்துத் தெரிவார். கீழிருந்து எடுத்தால் ஓங்கித் தெரிவார். உழைப்பாளியின் பெருமிதத்தைக் காட்ட விரும்பியவர், நின்றபடியே குனிந்து எடுத்திருந்தால் அவர் காட்டியது இரக்கத்தைத்தான். தூரத்தைப் பாருங்கள். கைகள் படத்துக்குள் இருக்கின்றனவா? முகம் மறைப்பதைச் சில வேளை விரல்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

குற்றங்களுக்குப் பெயர் வேண்டுமா? பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்கு உரிய பத்துக் குற்றங்களை வகுத்திருக்கிறார். அவற்றுள் மூன்றை இரவல் வாங்கிக்கொள்ளலாம். காட்ட வேண்டியவர் கடுகளவாய்த் தூரத்தில் நின்றால் அது குன்றக் கூறல். கைபேசியிலேயே வண்ணத்தை ஏற்றி, ஓரங்களை இருட்டாக்கி, கன்னத்தில் வழியும் ஒரு துளியை மட்டும் பளபளக்கச் செய்தால் அது மிகைபடக் கூறல். அழும் குழந்தைக்குப் பின்னால் விளம்பரப் பலகை கண்ணைப் பறித்தால் அது மற்றொன்று விரித்தல். இப்படிச் சொன்னால் எடுத்தவர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார். சொன்ன குறையும் மனத்தில் தங்கும்.

யாருடைய துயரம்?

இனி நான் சொல்லப் போவது புகைப்படக் கலையைவிடப் பெரியது.

1936 மார்ச் மாதம் கலிபோர்னியாவின் நிபோமோ என்னுமிடத்தில் பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளர் முகாமில் டாரத்தி லாங்கே ஒரு தாயையும் அவர் பிள்ளைகளையும் படமெடுத்தார். தூரத்தில் தொடங்கிப் படிப்படியாக நெருங்கிச் சில படங்கள் எடுத்தார். நெருங்கி எடுத்த ஒன்றில் இரு பிள்ளைகள் தாயின் தோள்களில் முகம் புதைத்துத் திரும்பியிருக்கிறார்கள். தாயின் கை கன்னத்தைத் தொட்டபடி இருக்கிறது. பார்வை எங்கோ நிலைத்திருக்கிறது. பிள்ளைகளின் முகம் தெரியாததாலேயே தாயின் முகம் நம்மை முழுவதுமாகப் பற்றிக்கொள்கிறது. உலகம் முழுவதும் அறிந்த படம் அது. அதன் மூலையில் தெரிந்த ஒரு கட்டைவிரல் கவனத்தைச் சிதறடிப்பதாகக் கருதி லாங்கே பின்னாளில் அதை மங்கச் செய்தார். எவ்வளவு பெரிய கலைஞர் படத்திலும் ஓரத்தில் ஒரு விரல் இருக்கும் என்பது நமக்கு ஆறுதலான பாடம்.

ஆனால் பாடம் அதோடு முடியவில்லை. அந்தத் தாயின் பெயரை நெடுங்காலம் உலகம் அறியவில்லை. அவர் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் மனக்கசப்போடு பேசினார். வறுமையின் முகமாகவே தாம் நிலைத்துவிட்டதை அவர் விரும்பவில்லை.

நண்பர்களே, இதை நம் கண்காட்சிகளோடு பொருத்திப் பாருங்கள். பேருந்து நிலையத்தில் உறங்குபவர், கோயில் வாசலில் கையேந்துபவர், குப்பை பொறுக்கும் சிறுவன் ஆகியோரே நம் ‘சோக’ப் படங்களின் நிரந்தர நாயகர்கள். அவர்கள் நம் கண்காட்சிக்கு வரப்போவதில்லை. நம் குறிப்பேட்டில் ‘என்னை ஏன் எடுத்தாய்?’ என்று எழுதப்போவதில்லை. அவர்கள் சார்பில் அந்த வினாவைக் கேட்கும் கடமை விமர்சகருக்கு இருக்கிறது. “இவரிடம் பேசினீர்களா? எடுத்த படத்தை இவரிடம் காட்டினீர்களா? உங்கள் அப்பாவை இந்நிலையில் இன்னொருவர் எடுத்து மாட்டினால் ஒப்புக்கொள்வீர்களா?” இவை ஒளியைப் பற்றிய வினாக்கள் அல்ல. எனினும் இவற்றைக் கேட்காத விமர்சனம் நிறைவான விமர்சனமாகாது. அரசு கல்லூரியில் பயிலும் நம்மில் எத்தனையோ பேர் வறுமையைப் பக்கத்திலிருந்து கண்டவர்கள். அதை வேடிக்கைப் பொருளாக்காதிருக்க நம்மைவிடத் தகுதியுடையோர் யார்?

சொல்லும் முறை

சொல்ல வேண்டியதைச் சொல்லும் முறையிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். வள்ளுவர் தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் ஒருவரை மதிப்பிட வழி சொல்லும்போது குணத்தை முன்னே வைத்தார். குற்றத்தை அடுத்து வைத்தார். எது மிகுதி என்று நிறுத்துப் பார்ப்பதை இறுதியில் வைத்தார். விமர்சகரும் அந்த வரிசையைப் பின்பற்றலாம்.

எடுத்துக்காட்டாக ஒரு படத்தைக் கற்பனை செய்வோம். மாலை நேரம், விடுதித் தாழ்வாரம், ஒரு மாணவர் தூணில் சாய்ந்து நிற்கிறார். தலைப்பு ‘தனிமை’. ‘சூப்பர்’ என்பது ஒரு வகை. ‘சுமார்’ என்பது இன்னொரு வகை. நான் விரும்பும் வகை இது: “சரிந்திருக்கும் அந்தத் தோளைப் பார்த்ததும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது, முகத்தைவிடத் தோள்தான் பேசுகிறது. ஆனால் முதலில் என் கண் போனது பின்னால் கொடியில் காயும் சிவப்புத் துண்டின்மேல். இரண்டடி நகர்ந்து நின்றிருந்தால் அது தூணுக்குப் பின்னே மறைந்திருக்குமோ? நீங்கள் எதை எண்ணி இதை எடுத்தீர்கள்?” நான்கே வாக்கியங்கள்! உணர்ந்தது இருக்கிறது, உணர்வு பிறந்த இடம் இருக்கிறது, ஒரே ஒரு குறை, அதற்கு ஒரு வழியோடு இருக்கிறது, இறுதியில் ஒரு கேள்வி இருக்கிறது. பத்துக் குறைகளை அடுக்கினால் பத்தும் மறந்துபோகும். ஒன்றைச் சொன்னால் அடுத்த படத்தில் அது திருந்தும்.

“ரசனை அவரவர் விருப்பம், இதில் சரி, தவறு சொல்ல நாம் யார்?” என்று சிலர் கேட்கிறார்கள். ரசனை அவரவர் விருப்பமே, மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்பது தீர்ப்பன்று, சாட்சியம். ‘இப்படம் தவறு’ என்று சொல்ல நமக்கு உரிமை இல்லாமலிருக்கலாம். ‘எனக்கு இப்படித் தோன்றியது’ என்று சொல்ல யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான விண்ணப்பம். தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த மாணவர் ஒருவர், தாம் எடுத்த படத்தைத் தயங்கித் தயங்கி உங்களிடம் நீட்டுகிறார். உங்கள் ஒரு சொல்லுக்கு எங்கள் நூறு சொற்களின் எடை உண்டு. ஏளனமாக ஒரு சிரிப்பு அவர் காமிராவை மூடிவிடும். காரணமில்லாத புகழ்ச்சியும் ஏறத்தாழ அதே தீங்கைச் செய்யும். அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். “இந்த இடத்தில் என் கண் நின்றது, இந்த இடத்தில் விலகியது” என்று நீங்கள் சொன்னால் அது அவர் வாழ்நாள் முழுவதும் உடன் வரும்.

நிறைவாகச் சில யோசனைகள். கண்காட்சியின் முதல் நாளில் எல்லாத் தலைப்புகளையும் தாள் ஒட்டி மறைத்துவிடலாம். பார்ப்பவர்கள் தாம் உணர்ந்ததை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் படத்தருகே உள்ள பெட்டியில் போடட்டும். மறுநாள் தலைப்பைத் திறந்து, சீட்டுகளை எடுத்தவரிடமே கொடுத்துவிடலாம். வாயிலில் இருக்கும் குறிப்பேட்டில் ‘உணர்ந்தது’, ‘எதனால்’, ‘மாற்றிப் பார்க்கலாம்’ என்று மூன்று பத்திகள் வரைந்து வைத்தால் ‘அருமை’ என்று எழுத வருபவரின் பேனாவும் ஒரு நொடி நிற்கும். மாலையில் ஒரு மணி நேரம் எல்லோரும் கூடிப் பேசலாம். அதில் முதல் பத்து நிமிடம் படமெடுத்தவர் வாய் திறக்கலாகாது என்று ஒரு விதி வைக்கலாம். இவற்றுக்குச் செலவு ஒன்றுமில்லை. சில தாள்களும் சிறிது பொறுமையும் போதும்.

ஒரு நண்பர் தம் படத்தை நம்மிடம் நீட்டும்போது, தாம் கண்டதை நாமும் காண்கிறோமா என்றுதான் கேட்கிறார். அவருக்கு நாம் கொடுக்க வேண்டியது நம் கண். அதை முழுமையாகக் கொடுப்போம்.